கிரீன் பே, 2022: ஆறாவது, ஏழாவது ரிசீவர் இடங்கள் யாருக்குப் போயின, பிறகு என்ன ஆயிற்று

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் ஓய்வுக்காலத்தில் எந்த அணியின் ரசிகரைக் கேட்டாலும் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) பட்டியல் ஒன்று வைத்திருப்பார். முதல் மூன்று பேரில் பெரிய சண்டை வராது. ஐந்துக்குப் பிறகுதான் வாக்குவாதம். அந்த வாக்குவாதம் எங்கே தடம் மாறுகிறது என்பதைக் காட்ட கிரீன் பே பேக்கர்ஸின் 2022 பயிற்சி முகாம் பொருத்தமான நிகழ்வு. அணியின் உள்ளறையில் பேசியது வெளியே தெரியாது. வெளியே தெரிந்த முடிவுகளையும் விதிகளையும் வைத்தே இந்த ஆய்வு.

வீரர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில்) வந்தவர்களை அவர்கள் எடுக்கப்பட்ட எண்ணாலேயே குறிப்பிடுகிறோம்: 34, 85, 132, 258. முகாமில் ஒரு வீரரைப் பற்றிய தீர்ப்பில் அந்த எண் எவ்வளவு தூரம் கலந்துவிடுகிறது என்பதும் இந்த நிகழ்வின் ஒரு பகுதிதான்.

பின்னணி

2021 பருவத்தில் அணி 13–4 என்று முடித்தது. 2022 ஜனவரி 22 அன்று சான் பிரான்சிஸ்கோவிடம் சொந்த மைதானத்தில் 13–10 என்று தோற்று வெளியேறியது. தோற்கடித்தது ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் தருணங்களுக்கான பிரிவு): முதல் பாதி முடிவில் ஒரு ஃபீல்டு கோல் (மூன்று புள்ளிக்கான உதை) தடுக்கப்பட்டது, நான்காம் குவார்ட்டரில் ஒரு பன்ட் (பந்தை எதிரணிக்குத் தொலைவில் உதைத்து விடுவது) தடுக்கப்பட்டு எதிரணிக்கு டச்டவுன் (ஆறு புள்ளி) ஆனது. அதன் பிறகு ஸ்பெஷல் டீம்ஸுக்கு அனுபவமுள்ள புதிய பயிற்சியாளர் வந்தார். அவர் முன்பு வேலை பார்த்த லாஸ் வேகாஸ் அணியிலிருந்தே ஒரு கார்னர்பேக்கும் (எதிரணி ரிசீவரை மறிக்கும் தற்காப்பு ஆட்டக்காரர்) மார்ச்சில் சின்ன ஒப்பந்தத்தில் வந்தார். ஓய்வுக்காலச் செய்திகளில் அந்தக் கார்னர்பேக்கை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பின்னால் அவர்தான் முக்கியமாகிறார்.

மார்ச் 17 அன்று முதல்தர ரிசீவரை லாஸ் வேகாஸுக்கு மாற்றிக்கொடுக்கும் பேரம் முடிந்தது. 2021-ல் 123 கேட்ச், 1,553 யார்டு எடுத்தவர். பதிலுக்கு 2022 டிராஃப்டில் 22, 53 ஆகிய இரண்டு தேர்வுகள் கிடைத்தன. நீளப் பந்துக்கு ஓடுகிறவர் கேன்சஸ் சிட்டிக்குப் போனார். மாற்று ரிசீவர் ஒருவர் சிகாகோவுக்குப் போனார்.

முதல் சுற்றில் இரண்டு தேர்வுகள் கையில் இருந்தும் இரண்டும் தற்காப்புக்கே போயின. இரண்டாம் சுற்றில் 53, 59 இரண்டையும் மினசோட்டாவிடம் கொடுத்து 34-க்கு ஏறினார்கள். அங்கே எடுத்தவர் ஆறடி நாலு அங்குலம், 40 யார்டை 4.36 விநாடியில் ஓடியவர்; ஆனால் ஓட்ட ஆட்டத்தையே நம்பும் சிறிய கல்லூரித் திட்டத்திலிருந்து வந்தவர். நான்காம் சுற்றில் 132, ஏழாம் சுற்றில் 258 என மேலும் இருவர் வந்தார்கள்.

ஏற்கெனவே இருந்தவர்கள்: டிராஃப்டில் யாரும் எடுக்காமல் வந்து, பிளாக்கிங்கால் (எதிராளியை மறிப்பதால்) இடம்பிடித்தவர், முப்பத்திரண்டு வயதை நெருங்கிய ஸ்லாட் (உட்பக்க ரிசீவர் இடம்) மூத்தவர், 2021-ல் மூன்றாம் சுற்றில் 85-வதாக வந்தவர், பிராக்டிஸ் ஸ்குவாடில் (முதன்மைப் பட்டியலுக்கு வெளியே உள்ள பயிற்சிக் குழுவில்) வளர்ந்து, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர். ஏப்ரலில் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒரு பழைய நட்சத்திரமும் சேர்ந்தார்.

இடங்களின் கணக்கு

முகாமில் 90 பேர். 2022-ல் மூன்று கட்டமாகக் குறைத்தார்கள்: ஆகஸ்ட் 16-க்குள் 85, 23-க்குள் 80, 30-க்குள் 53; அதுவே பருவத்தைத் தொடங்கும் பட்டியல். ஐம்பத்து மூன்றில் உதைப்பவர்கள், ஸ்நாப்பர் (உதைக்கப் பந்தைப் பின்னால் அனுப்புபவர்) என்று மூன்று பேர் போக, தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் ஏறத்தாழ இருபத்தைந்து வீதம். தாக்குதல் பக்கம் லைன்மேன் ஒன்பது, டைட் எண்டு நான்கு, குவார்ட்டர்பேக் மூன்று, ரன்னிங் பேக் மூன்று என்று வைத்தால் ரிசீவருக்கு ஆறு இடம் வரும். ஏழு என்றால் வேறு ஏதோ ஒரு பிரிவில் ஓர் ஆளைக் குறைத்தாக வேண்டும்.

ரசிகர்கள் தவறவிடுவது அடுத்த படி. ஆட்ட நாளன்று எட்டு லைன்மேன் இருந்தால் 48 பேருக்குத்தான் சீருடை. ரிசீவர்களில் பொதுவாக ஐந்து பேர், சில நாள் ஆறு. முதல் மூவர் பெரும்பாலான ஸ்நாப்களை (தனித்தனித் தாக்குதல் முயற்சிகளை) ஆடிவிடுவார்கள். நான்காமவருக்குச் சில. ஐந்தாமவர் தாக்குதலில் பத்து ஸ்நாப் ஆடினாலே அதிகம். அவருக்குச் சீருடை கிடைக்கக் காரணம் பன்ட் கவரேஜ் (உதைத்த பந்தைத் துரத்திப் போய்ப் பிடிப்பவரை மடக்குவது), கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) கவரேஜ், ரிட்டர்னுக்கான பிளாக்கிங், அல்லது ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடும்) வேலை. ஆக, ஆறாவது ரிசீவருக்கான போட்டி உண்மையில் ரிசீவர்களுக்குள் நடப்பதில்லை. அவர் மோதுவது ஆறாவது கார்னர்பேக்கோடும் ஐந்தாவது லைன்பேக்கரோடும்.

கழற்றிவிடுவதிலும் இரண்டு வகை உண்டு. நான்கு பருவக் கணக்கு முடிக்காத வீரர் வேய்வருக்குப் போவார். மறுநாள் நண்பகல் வரை வேறு எந்த அணியும் அவரைக் கோரலாம். யாரும் கோராவிட்டால்தான் 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாடுக்குக் கூட்டிவரலாம். நான்கு பருவம் முடித்த மூத்தவருக்கு ஆகஸ்டில் வேய்வர் கிடையாது. நேராகச் சுதந்திர வீரர். ஆனால் முதல் வார ஆட்டத்தன்று பட்டியலில் இருந்தால், பிறகு கழற்றிவிட்டாலும் அந்தப் பருவச் சம்பளத்தை அவர் கோர முடியும்.

முகாமில் கண்டவை

34-காரருக்கு முகாமுக்கு முன் முழங்காலில் சிறு அறுவைச் சிகிச்சை நடந்ததால் ஜூலை கடைசியில் உடல் தகுதியில்லாதோர் பட்டியலில் தொடங்கினார். முகாம் நடக்கும்போது அந்தப் பட்டியலிலிருந்து எந்த நாளும் திரும்பலாம். ஆனால் 53 முடிவாகும் நாளிலும் அதிலேயே இருந்தால் முதல் நான்கு ஆட்டம் கட்டாயமாகப் போய்விடும். ஆகஸ்ட் நடுவில் அவர் திரும்பினார். இழந்தது ஏறக்குறைய மூன்று வாரப் பயிற்சி. புதியவருக்கு அது பெரிய இழப்பு.

அந்த இடைவெளியில் 132-காரர் எழுந்தார். ஆகஸ்ட் 12 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த முதல் முன்பருவ ஆட்டத்தில் 33 யார்டு டச்டவுன் பிடித்தார். அதே ஆட்டத்தில் அவர் கையில் பட்டுத் தெறித்த பந்து எதிரணியின் இன்டர்செப்ஷன் ஆனது. அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக மீண்டும் டச்டவுன். ஆகஸ்ட் நடுவில் குவார்ட்டர்பேக் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்: இளம் ரிசீவர்கள் பந்தை நழுவவிடுகிறார்கள், ரூட்டைத் (வகுத்துக்கொடுத்த ஓட்டப் பாதையை) தப்பாக ஓடுகிறார்கள். இந்த இரண்டாவது குற்றச்சாட்டுதான் கனமானது. நழுவவிட்டால் ஒரு டவுன் (முயற்சி) போகும். எதிரணித் தற்காப்பு நிற்கும் விதத்தைப் பார்த்து ரூட்டை மாற்ற வேண்டிய இடத்தில் ரிசீவர் ஒன்று நினைத்து குவார்ட்டர்பேக் வேறொன்று நினைத்தால், பந்து காத்திருக்கும் கார்னர்பேக்கிடம் போகும்.

85-காரர் மீதான கேள்வி வேறு. முந்தைய ஆண்டு அவரை எடுக்க 92, 135 இரண்டையும் கொடுத்து ஏறியிருந்தார்கள். முதல் பருவத்தில் அவர் பிடித்தது நான்கு கேட்ச், 45 யார்டு. அவருடைய முதன்மை வேலை பன்ட் ரிட்டர்ன். முகாமுக்கு உடல் இளைத்து வந்தார், வேகம் கூடியிருந்தது என்று நல்ல பேச்சும் இருந்தது.

பன்ட் ரிட்டர்ன் வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் முடிகிறது. நல்ல பன்ட் நாலரை விநாடி காற்றில் நிற்கும். அதற்குள் இரண்டு ஓரங்களிலிருந்தும் கன்னர்கள் (முதலில் ஓடிவரும் எதிரணியினர்) வந்து சேர்ந்துவிடுவார்கள். பிடிக்கிறவர் அந்த நாலரை விநாடியில் மூன்று காரியம் செய்ய வேண்டும்: பந்து விழும் இடத்துக்குப் போவது, ஒரு கணம் கண்ணை இறக்கிக் கன்னர் எவ்வளவு தூரத்தில் என்று பார்ப்பது, ஓடுவதா, கை உயர்த்தி ஓடாமல் பிடிப்பதா, விட்டுவிடுவதா என்று முடிவெடுப்பது. சொந்த 10 யார்டு கோட்டில் குதிகாலை வைத்து நிற்பது பழைய பாடம்; பந்து தலைக்கு மேல் போனால் பின்னால் ஓடாமல் விட்டுவிட வேண்டும். முழங்கைகளை ஒட்டிவைத்து, பந்தை நெஞ்சோடு அணைத்து வாங்க வேண்டும். மூக்கு (கூர்முனை) கவிழாமல் வரும் பந்து எந்தப் பக்கம் நழுவும் என்பது ரிட்டர்னருக்கே தெரியாது. இடதுகால் உதைக்குச் சுழற்சி எதிர்ப்பக்கம். நவம்பரில் கிரீன் பேயில் பந்து கல்லாகிவிடும். ஆகஸ்ட் வெயிலில் இயந்திரம் வீசிய பந்துகளைப் பிடித்ததை வைத்து இதை எடைபோட முடியாது.

ஆகஸ்ட் 30: முடிவு

அணி ஏழு ரிசீவர்களை வைத்துக்கொண்டது: பிளாக்கர், ஸ்லாட் மூத்தவர், ஓராண்டு ஒப்பந்தக்காரர், 34, 132, 85, 258. பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து வளர்ந்தவரை விட்டுவிட்டது. அவரை யாரும் கோரவில்லை. பிராக்டிஸ் ஸ்குவாடுக்கே திரும்பினார். முதல் முன்பருவ ஆட்டத்தில் டச்டவுன் பிடித்த, டிராஃப்டில் எடுக்கப்படாத உள்ளூர் விஸ்கான்சின் பல்கலைக்கழக இளைஞருக்கும் இடமில்லை. முன்பருவ டச்டவுன் யார் எறிந்தது, எந்தத் தற்காப்பு எதிரில் நின்றது என்று பார்க்காமல் மதிப்புப் போட்டால் ரசிகருக்கு ஆண்டுதோறும் இந்த ஏமாற்றம் வரும்.

ஏன் ஏழு? வெளியிலிருந்து மூன்று காரணம் தெரிகிறது. மூத்தவர்கள் இருவருக்கும் காயச் சரித்திரம் இருந்தது. 34-காரர் இப்போதுதான் திரும்பியிருந்தார். இரண்டாவது, அந்த ஆண்டு விதிப்படி, பருவத்தின் நடுவே திரும்பிவர வேண்டிய காயக்காரர் முதலில் 53-ல் இருந்தாக வேண்டும். ஆகவே சந்தேகத்துக்குரிய உடம்புள்ளவர்களை முன்கூட்டிக் கழற்ற முடியாது. மூன்றாவது, 258-காரரை வேய்வருக்கு அனுப்பினால் போய்விடுவார் என்ற பயம்.

இவை மூன்றும் ஏற்கத்தக்கவையே. 85-காரருக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. அவருடைய இடம் ரிட்டர்ன் வேலையை நம்பியும், கொடுத்த விலையை நினைத்தும் நின்றது. இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கொடுத்த விலை 2021-லேயே போய்விட்டது. 2022-ல் அந்த இடத்தில் வேறு யார் நின்றாலும் அது திரும்பி வராது.

பருவத்தில் நடந்தது

செப்டம்பர் 11, மினியாபொலிஸ். பிளாக்கர் கணுக்கால் காயத்தால் ஆடவில்லை. அணியின் முதல் தாக்குதல் முயற்சியிலேயே 34-காரர் கார்னர்பேக்கைத் தாண்டித் தனியே போனார். பந்து நேராகக் கைக்கு வந்து நழுவியது. 75 யார்டு டச்டவுன் போயிற்று. ஆட்டம் 23–7 தோல்வி.

அடுத்த வாரம் சிகாகோவுக்கு எதிராக ஓராண்டு ஒப்பந்தக்காரர் மூன்று கேட்சில் 93 யார்டு எடுத்தார். அதற்கடுத்த ஆட்டத்துக்கு முன் தொடைத்தசைக் காயத்தோடு காயப்பட்டியலுக்குப் போனார். அக்டோபர் 16 நியூயார்க் ஜெட்ஸ் ஆட்டத்தில் ஸ்லாட் மூத்தவருக்குக் கணுக்கால், அவரும் பட்டியலுக்கு. நவம்பர் 6 டெட்ராய்ட்டில் 132-காரருக்குக் கணுக்கால். நான்கு ஆட்டம் இல்லை. ஏழு பேர் வேண்டும் என்ற கணிப்பு இப்படிச் சரியானது. முதல் வாரங்களில் பெரும்பாலும் சீருடையில்லாமல் ஓரத்தில் நின்ற 258-காரர் அக்டோபர் 30 அன்று பஃபலோவில் 37 யார்டு டச்டவுன் பிடித்தார்.

ரிட்டர்ன் பக்கம் கதை வேறு. 85-காரர் பருவத்தின் முதல் பத்து ஆட்டங்களில் ஐந்து முறை பந்தைக் கைவிட்டார். ஐந்தாவது, நவம்பர் 13 டாலஸ் ஆட்டத்தில். அதே மாலையில்தான் 34-காரர் மூன்று டச்டவுன், 107 யார்டு எடுத்து, 28–14 என்று பின்தங்கிய அணி கூடுதல் நேரத்தில் 31–28 என்று வென்றது. வெற்றி பெற்றதால் தவறு மறையவில்லை. நவம்பர் 15 அன்று 85-காரரைக் கழற்றிவிட்டார்கள். ஹூஸ்டன் அவரை உடனே கோரி எடுத்துக்கொண்டது. மூன்றாம் சுற்றில் ஏறி எடுத்த ஒருவரிடமிருந்து பேக்கர்ஸுக்குக் கிடைத்தது மொத்தம் எட்டு கேட்ச், 95 யார்டு.

அவருக்குப் பதில் யார்? மார்ச்சில் சின்ன ஒப்பந்தத்தில் வந்த அந்தக் கார்னர்பேக். முகாமில் யாரும் அவரை ரிசீவர் பட்டியலோடு சேர்த்துப் பேசவில்லை. அவர் ரிசீவர் அல்லவே. கவரேஜ் வேலைக்காக ஏற்கெனவே 53-ல் இருந்தவர். 2023 ஜனவரி 1 அன்று மினசோட்டாவுக்கு எதிராகக் கிக்காஃபை 105 யார்டு கொண்டுபோய் டச்டவுன் எடுத்தார். பருவ முடிவில் கிக்காஃப் ரிட்டர்ன் யார்டுகளில் லீகில் முதலிடம், மொத்தம் 1,009. ஆல்-புரோ (அந்தப் பருவத்தில் லீகின் சிறந்தோர் பட்டியல்) முதல் அணியிலும் இடம்.

34-காரர் டாலஸ் ஆட்டம் தொடங்கி நான்கு ஆட்டங்களில் எட்டு டச்டவுன் எடுத்தார். 132-காரர் 42 கேட்சோடு முடித்தார். ஓராண்டு ஒப்பந்தக்காரரை டிசம்பர் 19 அன்று விட்டார்கள். அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடுவுக்குப் பிறகு மூத்தவர்களும் வேய்வர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் பால்டிமோர் அவரைக் கோரியது. அணி கடைசி ஆட்டத்தில் டெட்ராய்ட்டிடம் 20–16 என்று தோற்று 8–9 என்று நின்றது.

எதை மாற்றியிருக்கலாம்

ரிட்டர்ன் வேலைக்கான போட்டியை ரிசீவர் எண்ணிக்கையிலிருந்து முதலில் பிரித்திருக்க வேண்டும். முகாமில் ரிட்டர்னருக்கு நிற்பவர்களை, எந்தப் பிரிவு என்று பாராமல், ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும்: ஏற்கெனவே வேறு வேலைக்காக 53-ல் இடம் உறுதியானவர் முதலில், ரிட்டர்னுக்காக மட்டும் இடம் கேட்பவர் கடைசியில். இந்த வரிசையில் அந்தக் கார்னர்பேக் 85-காரருக்கு முன்னால் வந்திருப்பார். அவர் தேறியிருந்தால் ஓர் இடம் ஆகஸ்டிலேயே மிச்சம். தேறாவிட்டாலும் நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது முறை பந்து கைவிட்டதுமே மாற்று ஆள் தயார். பன்ட்டையும் கிக்காஃபையும் தனித்தனியாக எடைபோடுவதும் அவசியம். கிக்காஃபில் பந்து விழும்போது எதிரி தொலைவில் இருப்பான், வேகமும் துணிச்சலும் போதும்; பன்ட்டில் பிடிப்புதான் வேலை. ஒன்றில் கெட்டிக்காரர் மற்றதில் தடுமாறுவது சாதாரணம்.

மூத்தவர் விஷயத்தில் ஒரு பழக்கமான வழி இருந்தது: ஆகஸ்ட் 30 அன்று ஓராண்டு ஒப்பந்தக்காரரைப் பேசிவைத்து விட்டுவிட்டு, முதல் வாரம் கழித்துச் சேர்ப்பது. வேய்வர் ஆபத்து இல்லை, சம்பள உத்தரவாதமும் இல்லை. ஆனால் பிளாக்கருக்கு முதல் வாரம் காயம் இருந்த நிலையில் அதைச் செய்திருந்தால் மைதானத்தில் ஆள் குறைந்திருக்கும். இதில் அணி செய்ததே சரி என்று படுகிறது.

258-காரரைப் பற்றி ரசிகர்களிடையே இன்னும் இரண்டு கருத்து உண்டு. ஒரு டச்டவுனுக்காக ஓர் இடமா என்பது ஒரு பக்கம். ஏழாவது இடத்தின் வேலையே அக்டோபர் இறுதியில் மூன்று பேர் விழும்போது ஆட்டத்திட்டம் தெரிந்த ஒருவர் நிற்பதுதான் என்பது மறுபக்கம். எங்கள் ஓட்டு இதற்கே.

அடுத்த ஓய்வுக்காலத்தில் அணியே நிறைய மாற்றியது. பிளாக்கரும் ஸ்லாட் மூத்தவரும் ஜெட்ஸுக்குப் போனார்கள். 2023 டிராஃப்டில் 50, 159, 256 என மூன்று ரிசீவர்களை எடுத்தார்கள். அந்த ஆண்டு லீகும் மூன்று கட்டக் குறைப்பை எடுத்துவிட்டு 90-லிருந்து நேராக 53 என்று மாற்றியது. கடைசி முன்பருவ ஆட்டத்திலும் கடைநிலை ஆட்களைப் பார்க்க முடிந்தது. 53-ல் ஆறு ரிசீவர்கள்: 34, 132, 258, புதிதாக வந்த 50, 159, கூடவே டிராஃப்டில் எடுக்கப்படாத ஒருவர். 256-வதாக எடுத்தவரை வேய்வருக்கு அனுப்பினார்கள். யாரும் கோரவில்லை, பிராக்டிஸ் ஸ்குவாடில் சேர்ந்தார். பன்ட் ரிட்டர்னை, ஸ்லாட்டில் எப்படியும் ஆடப்போகிற 50-காரரிடம் கொடுத்தார்கள். கிக்காஃப் கார்னர்பேக்கிடமே இருந்தது. 2023-லும் அவர் ஆல்-புரோ முதல் அணியில் வந்தார்.